பன்னிரண்டு இரண்டுக்கு வந்த பாடம்

ஆவணி 17, செவ்வாய்

விடியற்காலை தூறல். ஏழு மணிக்கெல்லாம் வெயில். சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு இரண்டாவது வாரம்; வீடு வேண்டிப் போகிறவர்கள்தான் அங்கே அதிகம். ஆறு செவ்வாய் வேண்டுதல், இன்னும் நாலு பாக்கி. பஸ்ஸில் நிற்க இடமில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் கேட்டாள்: "இன்னாக்கா, உனக்கும் ஊடு கட்டணுமா?" வீடு இல்லை, வேலை விஷயம் என்றேன். "பையனுக்கா?" வீட்டுக்காரருக்கு என்றதும் மேலும் கீழும் பார்த்தாள். இருக்கிற வேலை நிலைக்கத்தான் என்று விளக்கவில்லை. அதற்குள் கோயில் வந்துவிட்டது.

புது நோட்டு. முதல் பக்கத்தில் நிலவரம் எழுதுவது வழக்கம்.

— காஸ் மாற்றியது ஆவணி 9.
— கேன் தண்ணீர் வாரம் நாலு. போர் தண்ணீர் குளிக்க, துணிக்கு.
— தேங்காய் எண்ணெய் தீர்ந்தது. விளக்குக்கு நல்லெண்ணெய் இருக்கிறது.
— இவர் கல்லூரி: முதலாண்டு வேதியியல், நாலு வகுப்பாக இருந்ததை ஒன்றாக்கிவிட்டார்கள். 240 பேர், ஒரே அரங்கம். பழையபடி கரும்பலகையில் எழுதிப்போட்டால் நடக்காது, புது முறையில் நடத்திக் காட்டுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இந்த அரையாண்டு சோதனை. சரிப்படாவிட்டால் வெளிக் கம்பெனியிடம் தயார் வீடியோ வாங்கிப் போடுவார்களாம். அப்புறம் இவர் எதற்கு?

புது முறை என்றால்: பாடம் எட்டு நிமிஷ வீடியோவாக முன்னாலேயே பிள்ளைகளுக்குப் போய்விடும். வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் பாடம் கிடையாது, கேள்விதான். திரையில் கேள்வி, போனில் A B C D அழுத்துவார்கள். பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டுவிட்டு மறுபடி அழுத்துவார்கள்.

வேலைப் பங்கீடு: பேசுவது இவர். போன் பிடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது, கல்லூரிப் பாடப் பக்கத்தில் ஏற்றுவது நான். பத்தாம் வகுப்போடு நின்றவள். வெட்டி ஒட்டுவது ஒரு கோலம் போடும் பெண்ணின் வீடியோ பார்த்துக் கற்றது. கல்லூரியில் நெட் இழுக்கிறது, அதனால் வீட்டிலிருந்து. இவர் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்திருக்கிறார். கொடுக்கக் கூடாதாம். "காலேஜுக்குத் தெரிய வேணாம்" என்றார். சரி என்றேன்.

இன்று எடுத்தது முதல் வீடியோ, வீ.1. பதினோரு தடவை. குக்கர் இரண்டு, மீன்காரி ஒன்று, ரயில் மூன்று, மீதி இவர் தொண்டையைக் கனைத்தது.

ஆவணி 20, வெள்ளி

காலை மொச்சைக் குழம்பு. வெயில் அதிகம்.

முதல் புது வகுப்பு, மதியம் இரண்டு மணிக்கு. ஐந்தரைக்கு வந்தார். காபி ஆறுகிறது, தொடவில்லை.

கேள்வி இதுதான். நடுவே மெல்லிய சவ்வு, ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், ஒரு பக்கம் நல்ல தண்ணீர். சும்மா விட்டுவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: நல்ல தண்ணீர்தான் உப்பைத் தேடிப் போகும். திரையில் குச்சி குச்சியாக ஏறியதாம். முக்கால்வாசிப் பேர் தப்பு.

"ஒருத்தன் எழுந்து சொல்றான், 'மீஞ்சூர்ல கடல் தண்ணிய நல்ல தண்ணி ஆக்குறாங்களே சார், அப்போ உப்புலேர்ந்துதானே வரணும்?' அங்க மோட்டார் வெச்சு அழுத்துறான்டா, அதான் விஷயமே. இருபத்திரண்டு வருஷமா இதையேதான் சொல்லிக்கினு இருக்கேன். எல்லாம் தலையாட்டும்."

இத்தனை நாளும் தலையாட்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியவே இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அதைச் சொல்லவில்லை. இவரே யோசித்துக்கொண்டுதான் இருந்தார். மறுபடி அழுத்தச் சொன்னபோது பாதிக்கு மேல் சரியாக வந்ததாம். அதைக் கடைசியில்தான் சொன்னார், பெரிய விஷயமில்லை என்கிற மாதிரி.

பாடப் பக்கத்தில் யார் எதுவரை பார்த்தார்கள் என்று கோடு வருகிறது. நோட்டில் தனிப் பத்தி போட்டேன். வீ.1: சூத்திரம் எழுதத் தொடங்கும் இடத்தில் கோடு சரேலென்று இறங்குகிறது. காட்டினேன். "சூத்திரம் இல்லாம கெமிஸ்ட்ரியா?" என்றார். சூத்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, முதலில் வேண்டாம் என்றேன். காபியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.

ஆவணி 22, ஞாயிறு

மேகமூட்டம். அடை.

வீ.2 நேற்றே முடிந்தது. வீ.3: கடின நீர். இவர் எழுதி வைத்திருந்த தொடக்கம்: "நீரின் கடினத்தன்மை என்பது..." நிறுத்தினேன். வெந்நீர் போடும் தவலையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். உள்ளே வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை. "இது எங்கேர்ந்து வந்துதுன்னு கேளுங்க மொதல்ல."

"டீச்சரம்மா ஆயிட்ட."

"நான் பாத்திரம் தேய்க்கிறவ. அதான் கேக்கிறேன்."

தவலையைத் தூக்கிக்கொண்டு பேசினார். முதல் முறையாக ஒரே தடவையில் இரண்டு நிமிஷம் ஓடியது. கனைக்கவில்லை. பிறகு கீழ் வீட்டில் மோட்டார் போட்டார்கள்.

கீழ் வீட்டுக்காரர் மகள் மேகலா இவர் வகுப்புதான். படிக்கட்டில் பார்த்தபோது கேட்டேன், வீடியோ எப்படி என்று. "நல்லா கீது ஆண்ட்டி. சார் கொஞ்சம் சிரிச்சா இன்னும் நல்லா இருக்கும்." சிரிப்பு எழுதி வைத்துப் படிக்க முடியாது. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

ஆவணி 24, செவ்வாய்

சிறுவாபுரி மூன்றாவது. நல்ல தரிசனம். திரும்பும்போது மழை, குடை இல்லை. பூசணி ஒரு கீற்று, கீரை இரண்டு கட்டு.

இவருக்கு இரண்டு மணி வகுப்பு. அரங்கத்தில் கம்ப்யூட்டர், திரை எல்லாம் பார்த்துக்கொள்வது சங்கீதா என்ற பெண். தற்காலிக வேலை. பழவேற்காட்டுப் பக்கம் குப்பத்திலிருந்து வருகிறாள். இன்று திரை இருண்டுபோய் இரண்டே நிமிஷத்தில் சரி செய்தாளாம். "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். இவர் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு வகுப்பைப் பார்க்க வருகிறதாம்.

இவருக்குக் குரல் கட்டியிருக்கிறது. வீ.3 கடைசி இரண்டு நிமிஷம் பாக்கி. மிளகு ரசம்.

ஆவணி 27, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம்.

நேரப்படி:

6.45 இவர் கிளம்பினார். கடைசிப் பகுதி நேற்று சாயங்காலம்தான் எடுத்தோம். "எட்டு மணிக்குள்ள போட்டுடு. குழு வருது இன்னைக்கு."
7.10 ஏற்றத் தொடங்கினேன்.
7.40 கரண்ட் போனது. பாதியில் நின்றது.
10.15 வந்தது. மறுபடி முதலிலிருந்து.
10.50 ஏறி முடிந்தது. பப்ளிஷ் பொத்தான் மட்டும் பாக்கி.

கை பொத்தானுக்குப் போய்விட்டது. காலண்டரைப் பார்த்தேன். வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். குழு வருகிற நாள். இதில் போய்த் தொடங்குவதா? வகுப்பு இரண்டு மணிக்கு. வீடியோ எட்டு நிமிஷம். பன்னிரண்டுக்கு மேல் போட்டாலும் நேரம் தாராளம். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் குளித்து, விளக்கேற்றி, உட்கார்ந்து பாராயணம். போன் உள்ளறையில் சார்ஜில்.

12.02 பப்ளிஷ்.

பிறகுதான் போனைப் பார்த்தேன். இவரிடமிருந்து இரண்டு அழைப்பு: 11.34, 11.36.

ஆறு மணிக்கு வந்தார். வகுப்பைப் பதினொன்றரைக்கு மாற்றிவிட்டார்களாம், குழுவின் வசதிக்காக. நேற்றே தெரியுமாம். என்னிடம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லவில்லை. யாரும் வீடியோ பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி போட்டு என்ன பயன்? சாக்பீஸ் எடுத்துப் பழையபடி பாடம் நடத்தியிருக்கிறார். குழுவில் ஒருவர் கேட்டாராம், இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய திரை என்று.

"காலையிலயே போட்டியா இல்லியா?"

"போட்டேன்."

"எப்போ?"

"கரண்ட் வந்ததும்."

"சர்வர் ஸ்லோ" என்று தானே சொல்லிக்கொண்டு படுத்துவிட்டார்.

கரண்ட் வந்தது 10.15. போட்டது 12.02. மேலே எழுதியிருக்கிறேன். வாயில் வேறு வந்தது.

ஆவணி 28, சனி

துணி ஒரு வாளி. மாடியில் மேகலா.

"ஆண்ட்டி, நேத்து எங்க கிளாஸ்ல செம காமெடி. சார் சொல்லலியா?"

சொல்லவில்லை என்றேன்.

"சார் போர்டுல எழுதிக்கினு இருந்தாரா, கரெக்டா பன்னெண்டு ரெண்டுக்கு, டிங்! இருநூத்தி நாப்பது போனும் ஒரே டைம்ல. வீடியோ வந்துச்சுன்னு மெசேஜ். பின்னாடி குந்திக்கினு இருந்த கமிட்டிக்காரங்களே சிரிச்சிட்டாங்க. எச்.ஓ.டி. எழுந்தாரு. 'உங்க பேர்லதான் வந்திருக்கு, நீங்க இங்க நிக்கிறீங்களே, யார் போட்டது?'ன்னாரு."

துறைத் தலைவரின் இந்தக் கேள்விக்கு இவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. துணியை உதறிக்கொண்டே இருந்தேன்.

"சார் இன்னா பண்ணாரு, கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற கண்ணாடி ரூமைக் காட்டி, 'பாஸ்வேர்டு சங்கீதா கிட்டதான் இருக்கு, காலையிலயே போடச் சொன்னேன்'னாரு. அந்தக்கா எழுந்து நின்னுச்சு ஆண்ட்டி. வாயே தொறக்கல. பேஜாரா பூட்ச்சி. சாயங்காலம் மெமோ. செவ்வாக்கெழமைக்குள்ள பதில் எழுதணுமாம். இல்லாட்டி வேலை அவ்ளோதான்னு பேசிக்கிறாங்க."

துணி ஏழு. கிளிப் போடாமலே இறங்கிவிட்டேன். இரண்டு பறந்து கீழ் வீட்டு வாசலில்.

இவரிடம் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. மதியம் புளிசாதம், அப்பளம். இரண்டு பேரும் நன்றாகவே சாப்பிட்டோம். அதுதான் ஆச்சரியம்.

ஆவணி 29, ஞாயிறு

வெயில். இவர் முடி வெட்டப் போயிருந்தார். பத்து மணிக்குக் கதவு தட்டல். சங்கீதா. முதல் முறை பார்க்கிறேன். ஒல்லி, நெட்டை, தோளில் பை. இவரைப் பார்க்க வேண்டுமாம்.

உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். மெமோ நகலை எடுத்து வைத்தாள். இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'கடமையில் அலட்சியம்' என்று அர்த்தம் வருகிறது.

"நான் எதையும் போடல மேடம். என்கிட்ட சார் பாஸ்வேர்டே கெடியாது. சார் ஏன் அப்டி சொன்னாருன்னு தெர்ல. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆறுதல் சொல்வதாக நினைத்துப் பேச ஆரம்பித்தேன். கரண்ட் போயிருக்கலாம், ஏறி முடிந்தாலும் டிராஃப்டில் நின்றிருக்கலாம், பப்ளிஷ் போட்டால்தானே மெசேஜ் போகும் என்றேன்.

காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "மேடம், உங்களுக்கு டிராஃப்டுன்னா தெரியுமா?"

மேசையில் லேப்டாப் திறந்தபடி. பாடப் பக்கம். மேலே இவர் பெயர். பார்த்தாள். பக்கத்தில் தவலை. அதையும் பார்த்தாள்.

"பன்னெண்டு ரெண்டுக்குப் போட்டது நீங்கதானா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. ராகு காலம் என்றேன்.

சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்க அப்பா கூட வலை எடுத்துக்கினு போறப்போ நேரம் பார்ப்பாரு மேடம். அது தப்புன்னு சொல்ல மாட்டேன். வேலை போனா போவட்டும், தேர்வாய் கண்டிகைல கம்பெனிக்கு ஆள் எடுத்துக்கினுதான் கீறாங்க. ஆனா சார் என்னை ரூம்ல கூப்ட்டு சொல்லல. இருநூத்தி நாப்பது பேர் முன்னாடி கை காட்டினாரு. அவங்க எல்லாம் தெனம் என் மூஞ்சியப் பார்ப்பாங்க."

என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"நான் போடலன்னுதான் எழுதுவேன். யாரு போட்டாங்கன்னு எழுத மாட்டேன். அத சார் சொல்லணும். நீங்க சொன்னாலும் சரி."

காபியை முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

இவர் வந்தார். யாராவது வந்தார்களா என்றார். தண்ணீர் கேன் வந்தது என்றேன். அதுவும் உண்மைதான். இப்படி மூன்று நாளில் எத்தனை மறைத்தேன் என்று எண்ணிப் பார்த்தால் மூன்று: போட்ட நேரம், மேகலா சொன்னது, சங்கீதா வந்தது.

ஆவணி 30, திங்கள்

காலை பூஜையில் மனம் நிற்கவில்லை. போற்றி நூற்றெட்டில் பாதியில் எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் விட்டது. எழுந்துவிட்டேன்.

நேரம் பார்த்ததில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. நல்லது நினைத்துத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், வகுப்பு எத்தனை மணிக்கு என்று. கேட்கவில்லை. பார்த்ததையும் சொல்லவில்லை. இது முருகன் கணக்கில் வராது, என் கணக்கு.

சாயங்காலம் இவர் சட்டையைக் கழற்றுமுன் சொல்லிவிட்டேன். நின்றபடியே. சங்கீதா வந்ததையும்.

"ராகு காலமா?"

"ஆமா."

"கரண்ட் வந்ததும் போட்டேன்னு சொன்ன."

"பாஸ்வேர்டு சங்கீதா கிட்ட இருக்குன்னு நீங்க சொன்னீங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, போய் நிறுத்தினேன். அரை டம்ளர் போயிற்று.

திரும்பி வந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "எச்.ஓ.டி. கேட்டதும் எனக்கு மூளையே ஓடல வசந்தி. உன் பேரு வரக் கூடாதுன்னுதான் மொதல்ல தோணிச்சு. கை தானா அந்தப் பக்கம் போயிடுச்சு."

"என் பேரு வந்தா என்ன?"

"பொண்டாட்டி கிட்ட பாஸ்வேர்டு குடுத்தவன்னு வேலைய விட்டுத் தூக்குவான். அம்பத்தொரு வயசு. எவன் கூப்பிடுவான்?"

"சொல்லலைன்னா அந்தப் பொண்ணு போகும்."

"மெமோதானே. பதில் எழுதினா முடிஞ்சிடும்."

"முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

நாளைக்குத் தனியாக எச்.ஓ.டி.யிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். "நாளைக்கு செவ்வாக்கிழமை, உனக்கு சிறுவாபுரி" என்று நினைவுபடுத்தினார். இதில் மட்டும் நல்ல ஞாபகம்.

ஆவணி 31, செவ்வாய்

லேசான மேகம். காலை நாஷ்டா உப்புமா.

சிறுவாபுரி போகவில்லை. நடுவில் ஒரு வாரம் விட்டால் எண்ணிக்கை செல்லாது. மூன்றும் போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து.

கல்லூரி பஸ்ஸில் நான் ஏறியதும் பின்னாலிருந்து "சார் வைஃபா?" என்று ஒரு குரல். இன்னொன்று: "டேய், மெல்ல பேசு." இவர் ஜன்னல் பக்கமே பார்த்தார்.

எச்.ஓ.டி. அறைக்குப் போனால், தாளாளர் அறைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். பெரிய மேசை, பின்னால் சுவர் முழுக்க சாமி படங்கள், ஊதுவத்தி. தாளாளர் நெற்றி நிறைய விபூதி. எச்.ஓ.டி. நின்றுகொண்டிருந்தார். சங்கீதா கதவோரம்.

இவர் ஆரம்பித்தார். "சார், அன்னைக்கு ஒரு தவறு..." அங்கேயே நின்றுவிட்டது. நான் சொன்னேன். ஏற்றியது நான். பாஸ்வேர்டு என்னிடம். சங்கீதாவுக்கு ஒன்றும் தெரியாது. 10.50-க்கே ஏறிவிட்டது, 12.02 வரை நான்தான் வைத்திருந்தேன்.

எச்.ஓ.டி.: "ஏம்மா ஒரு மணி நேரம் வெச்சிருந்தீங்க?"

"வெள்ளிக்கிழமை. ராகு காலம்."

எச்.ஓ.டி. சிரிக்கத் தயாரானார். தாளாளர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எச்.ஓ.டி.யைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கமிட்டிய கூட்டினது யாருய்யா?"

எச்.ஓ.டி.யின் வாய் அப்படியே நின்றது. "சார், உங்க டைம் பார்த்துதான்..."

"என் டைம் இருக்கட்டும். டைம் பார்த்தியா?"

பத்து நிமிஷம் எச்.ஓ.டி.க்குப் பாட்டு. நான் எதிர்பார்த்து வந்தது இதுவல்ல. வந்த குற்றம் யார் தலையிலேயோ போய் உட்கார்ந்தது. பிறகு தாளாளர் இவர் பக்கம் திரும்பினார். பாஸ்வேர்டு வீட்டுக்குப் போனது தப்பு, எழுதிக் கொடுங்கள். இனிமேல் பாடப் பக்கத்தில் எதுவும் சங்கீதா ஏற்றினால்தான் செல்லும். குழு இரண்டு வாரம் கழித்து மறுபடி வரும், நல்ல நேரம் பார்த்து. மெமோவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கேயே கிழித்துக் கூடையில் போட்டார்கள்.

எழுதிக் கொடுத்தார் இவர். வேலை இருக்கிறது, இரண்டு வாரத்துக்காவது.

வெளியே தாழ்வாரத்தில் சங்கீதா பின்னால் வந்தாள். "தேங்க்ஸ்க்கா" என்றாள். மேடம் போய் அக்கா. முகம் தெளியவில்லை. என்ன என்று கேட்பதற்குள் படிக்கட்டில் நாலு பையன்கள் இறங்கினார்கள். அவளைப் பார்த்ததும் ஒருவன் "டிங்!" என்றான். மற்ற மூன்று பேரும் "டிங்! டிங்!" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள்.

"மெமோ கூடைல பூட்ச்சி. இது எங்க போவும்?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை, இவரிடம். இவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து பேர் இருந்த அறையில் சொன்னது அந்த அறையோடு நின்றுவிட்டது.

நான் தனியாக பஸ் பிடித்துத் திரும்பினேன். ஒரு மணி. பசியில்லை. தயிர்சாதம் கொஞ்சம்.

புரட்டாசி 1, புதன்

இன்றிலிருந்து முட்டை, மீன் கிடையாது. வீடு கழுவிவிட்டேன். காலை நல்ல காற்று.

இவருக்கு மதியத்துக்கு மேல் வகுப்பில்லை, மூன்று மணிக்கே வந்தார். பாதி வழியிலேயே யோசித்திருக்கிறார் போல. பையை வைத்ததும், "போனை ஸ்டாண்டுல மாட்டு" என்றார். வீ.4 வெள்ளிக்கிழமைக்கு. நாளை பென் டிரைவில் சங்கீதாவிடம் கொடுக்க வேண்டும். அவள்தான் முதலில் பார்ப்பாள்.

பாடத்துக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். சரி என்று பொத்தானை அழுத்தினேன்.

முதல் தடவை: "மாணவர்களே, சென்ற வெள்ளிக்கிழமை தவிர்க்க முடியாத காரணத்தால் ஒரு சிறு தாமதம் ஏற்பட்டுவிட்டது."

நிறுத்தினேன். தவிர்த்திருக்கலாம் என்றேன்.

இரண்டாவது: "சென்ற வெள்ளிக்கிழமை வீடியோ தாமதமானதற்கு வருந்துகிறேன். அதில் யார் மீதும் தவறில்லை."

நிறுத்தினேன். "யார் மேலயும் இல்லாம அதுவா லேட் ஆச்சா?"

"இன்னா சொல்லச் சொல்ற? காலேஜ் பூரா என்னைப் பார்த்து சிரிக்கணுமா?"

"அந்தப் பொண்ணைப் பார்த்து சிரிக்கிறாங்க இப்போ."

தண்ணீர் குடித்தார். ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். கீழே மேகலாவின் அம்மா யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அது முடிகிறவரை காத்திருந்தோம்.

மூன்றாவது: "வீடியோவைப் போட வேண்டியவர் வேறு ஒருவர். சங்கீதா இல்லை."

நிறுத்தவில்லை. அவரே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். என் பேரைச் சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி. தலையாட்டினேன்.

நாலாவது தடவை எழுதி வைத்ததை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். கேமராவைப் பார்க்காமல் ஆரம்பித்து, பாதியில் பார்த்தார்.

"போன வெள்ளிக்கிழமை வீடியோ போட வேண்டியவங்க என் மனைவி வசந்தி. இதுவரைக்கும் நீங்க பார்த்த எல்லாத்தையும் எடுத்தது, போட்டது அவங்கதான். பாஸ்வேர்டு நான் குடுத்தேன். சங்கீதா கிட்ட இருந்துதுன்னு உங்க முன்னாடி நான் சொன்னது பொய். சங்கீதா, மன்னிச்சிடும்மா."

நடுவில் ஒரு ரயில், கடைசியில் கனைப்பு. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், எல்லாம் கேட்கிறது என்றேன்.